க்ரே-1, பழைய டெஸ்க்டாப், ராஸ்பெர்ரி பை: மலைக்கு எது தாங்கும்?

ஊட்டியை அடுத்த பாலாடா பக்கம் கேரட் போடுகிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் தூக்கம் குறைவு. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. வானம் தெளிந்து காற்று நின்றுவிட்டால் விடிவதற்குள் பள்ளத்து வயல் வெள்ளையாகிவிடும். எந்த ராத்திரி ஸ்பிரிங்ளர் போட எழுந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. அதற்காக வயலில் மூன்று நான்கு சென்சார்கள் வைத்து, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் இரவெல்லாம் வாங்கிக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. மச்சான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய டெஸ்க்டாப் கொண்டுவந்து தருகிறேன் என்றார். நான் ஒரே பலகையில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 4 பார்த்துக்கொண்டிருந்தேன். “சூப்பர் கம்ப்யூட்டரே வாங்கப் போற மாதிரி யோசிக்கிறீங்களே மச்சான்” என்று அவர் கேலி செய்ய, சூப்பர் கம்ப்யூட்டரையும் சேர்த்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வேகத்தில் இனி சண்டைக்கு இடமில்லை. முதல் க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் 1976-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. சீமோர் க்ரே வடிவமைத்தது. ஐந்தரை டன் எடை, 8 எம்பி வரை நினைவகம். உச்ச வேகம் 160 மெகாஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு 16 கோடி தசமக் கணக்குகள். உள்ளங்கையில் அடங்கும் பை 4, கணக்கு வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையில் 10 ஜிகாஃபிளாப்ஸை, அதாவது நொடிக்கு 1,000 கோடி கணக்குகளை, ஒட்டி வருகிறது. ஏறக்குறைய அறுபது மடங்கு. மச்சான் சொன்ன டெஸ்க்டாப்பும் க்ரேயைச் சுலபமாகத் தாண்டும்.

ஆனால் அந்த அறுபது மடங்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. க்ரே-1 தன் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு 12.5 நானோநொடிக்கும் ஒரு 64-பிட் எண்ணை எடுக்கும். நொடிக்கு 640 எம்பி. ஒரு கணக்குக்கு 4 பைட் என்ற வீதத்தில் தீனி வந்துகொண்டே இருக்கும். பை 4-ல் நடைமுறையில் நொடிக்கு 4 ஜிபி வாக்கில்தான் வருகிறது. 10 ஜிகாஃபிளாப்ஸுக்கு அதைப் பங்கிட்டால் ஒரு கணக்குக்கு அரை பைட்கூடத் தேறாது. பெரிய எண் அட்டவணைகளை மேய வேண்டிய வேலையில் பையில் கணக்குப் போடும் நான்கு கோர்களும் நினைவகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். நினைவக வேகத்தில் பார்த்தால் வித்தியாசம் ஆறு மடங்குதான். நாற்பது வருஷத்துக்கும் மேற்பட்ட இடைவெளிக்கு ஆறு மடங்கு! சீமோர் க்ரே மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. என் உறைபனிக் கணக்கு சின்னது. சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன நினைவகத்திலேயே அடங்கிவிடும். அதனால் எனக்கு இது இடைஞ்சல் இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது கரண்ட்.

க்ரே-1 இழுப்பது 115 கிலோவாட். குளிரூட்டும் கருவிகளின் செலவு தனி. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா, அதை வைத்துப் பார்ப்போம். க்ரே-1 அந்த 100 யூனிட்டை 52 நிமிஷத்தில் தின்று முடிக்கும். ஒரு முழு நாள் ஓடினால் 2,760 யூனிட். பழைய டெஸ்க்டாப் மானிட்டர் இல்லாமல் 65 வாட் என்று வைத்தால், ராத்திரி பகலாக ஓட இரண்டு மாதத்துக்கு 94 யூனிட். இலவசம் முழுக்க அதற்கே போய்விடும்; வீட்டு விளக்கும் கெய்சரும் காசு கட்டித்தான் எரிய வேண்டும். பை 4 வேலை செய்யும்போது 6 வாட் என்று தாராளமாக வைத்தாலும் 9 யூனிட்டைத் தாண்டாது. க்ரேக்கு 52 நிமிஷம் வந்த அந்த 100 யூனிட்டில் பை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓடும். அறுபது மடங்கு வேகத்தைவிட இந்த வித்தியாசம்தான் என்னை அசத்தியது.

யூனிட் மட்டுமா? நம் கம்பியில் வருவது 50 ஹெர்ட்ஸ். க்ரே-1 கேட்டது 400 ஹெர்ட்ஸ். அதை உண்டாக்க மோட்டாரும் ஜெனரேட்டரும் சேர்ந்த செட் தனியாக ஓட வேண்டும். சர்க்யூட் பலகைகளைத் தாங்கும் அலுமினியத் தூண்களுக்குள் குழாய் வைத்து, சூட்டை இழுக்க ஃப்ரீயான் என்ற குளிரூட்டியை ஓட்டினார்கள். ஆரம்பத்தில் வெல்டிங் வழியாக ஃப்ரீயானோடு எண்ணெயும் கசிந்து பலகைகளில் படிந்து ஷார்ட் ஆனதால், வெல்டிங் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. ஊட்டிக் குளிரில் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே என்று தோன்றலாம். ஒரு கிலோவாட் ரூம் ஹீட்டர் 115-ஐ ஒரே அறையில் போட்டால் வரும் சூடு அது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போகாது.

பை 4-க்குச் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு, ஒரு ஹீட் சிங்க், ஒட்டினால் போதும். சிப் 80 டிகிரியைத் தொட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு அறையில் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஃபேன் இல்லை என்பதுதான் மலையில் பெரிய வசதி. டெஸ்க்டாப் ஃபேன் மழைக்காலம் முழுக்க ஈரக் காற்றையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். செருப்பிலிருந்து சூட்கேஸ் வரை பூஞ்சை பூக்கிற ஊரில் ரேம் காண்டாக்ட் மட்டும் எப்படித் தப்பும்?

அடுத்தது கரண்ட் போவது. ஜூன், ஜூலைக் காற்றில் கற்பூர மரம் ஒன்று லைன் மேல் சாய்ந்தால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பை இன்வெர்ட்டரில் விட்டால் ராத்திரிக்குள் பேட்டரி இறங்கிவிடும். பையை ரவுட்டரோடு சேர்த்து ஒரு சின்ன டிசி யுபிஎஸ்ஸில் மாட்டிவிடலாம். குறை இல்லாமல் இல்லை: பை தகவலை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதன் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். யுஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டியில் ஓட விடுவது உத்தமம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லாஸ் அலமாஸும் ஊட்டியும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரே உயரம், 2,200 மீட்டர் வாக்கில். அங்கே போன முதல் க்ரே-1-ல் ஆறு மாதத்தில் 152 நினைவகப் பிழைகள் பதிவாயின. காஸ்மிக் கதிர்களால் வந்த நியூட்ரான்கள் நினைவகத்தின் பிட்டுகளை 0-லிருந்து 1-க்கும் 1-லிருந்து 0-க்கும் புரட்டியதே காரணம் என்று பல வருஷம் கழித்து ஆராய்ந்து சொன்னார்கள். பின்னால் வந்த க்ரேக்களில் பிழைதிருத்தும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். அதே கதிர்களைப் படிக்கத்தான் ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதே உயரத்திலும் இங்கே அடி குறைவு.

வானிலைக்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாமா என்றால், நிச்சயம் வேண்டும். 1980-களின் கடைசியில் டெல்லிக்கு வந்த க்ரே எக்ஸ்-எம்பி/14, க்ரே-1-க்குப் பின் வந்த மாடல், வானிலைக்காகவே வாங்கியது. இந்தியா கேட்ட இரட்டைப் பிராசஸர் மாடலை அமெரிக்கா தரவில்லை. ஒற்றைப் பிராசஸர்தான் கிடைத்தது. 1988-ல் புனேயில் சி-டாக் என்ற அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கவும், 1991-ல் அது செய்த பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் வரவும் அந்த மறுப்பு ஒரு காரணம். எக்ஸ்-எம்பி காலத்தில் உலகத்தை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணித்தார்கள். அந்த ஒரு கட்டத்துக்குள் நீலகிரி, கோயம்புத்தூர் எல்லாம் ஒன்றாகிவிடும்; மலையும் சமவெளியும் ஒரே எண். இன்று புனேயில் வானிலைக்காக இருக்கும் ‘அர்கா’ சூப்பர் கம்ப்யூட்டர் 11.77 பெட்டாஃபிளாப்ஸ் (ஒரு பெட்டா பத்து லட்சம் ஜிகா), கட்டம் 6 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது.

அந்த 6 கிலோமீட்டருக்குள்ளும் என் வயல் பள்ளத்தில் இருக்கிறது, பக்கத்து வயல் மேட்டில் இருக்கிறது. குளிர்ந்த காற்று ராத்திரியில் சரிந்து வந்து தேங்குவது பள்ளத்தில்தான். வானம் தெளியுமா, காற்று நிற்குமா என்பதைப் பெரிய கம்ப்யூட்டர் சொல்லட்டும். என் பள்ளம் மேட்டைவிட எத்தனை டிகிரி இறங்கும் என்பதை, அணைக்காமல் இங்கேயே கிடக்கும் ஒரு பெட்டிதான் பழகிச் சொல்ல முடியும்.

பை 5 இன்னும் வேகம், ஆனால் கரண்டும் சூடும் அதிகம் கேட்கும். நான் வைத்து ஓட்டிப் பார்த்ததில்லை. பிள்ளைகள் படிக்க, டைப் அடிக்க, பிரிண்டர் மாட்ட என்றால் மச்சான் சொன்ன டெஸ்க்டாப்தான் சரி. வேலை முடிந்ததும் அணைத்துவிடும் மெஷினுக்கு 65 வாட் ஒரு பொருட்டே இல்லை.