பழைய எக்ஸ்5 எம்மா, டீசல் எக்ஸ்5 போதுமா?

2010 வாக்கில் வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காரின் அதிவேக பெட்ரோல் வகையான ‘எம்’, அதே தலைமுறையின் டீசல் வகையான 35டி. தோற்றத்தில் அண்ணன் தம்பி. பழைய கார் வாங்கப் போகிறவர் மனம் எம் பக்கம்தான் சாயும். 555 குதிரைத்திறன் என்றால் சும்மாவா?

தினசரி ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. நகருக்குள் எம் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டரை நெருங்கிவிடும், அதுவும் உயர் ஆக்டேன் பெட்ரோல். டீசலுக்கு 12 லிட்டர் சொச்சம் போதும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் வித்தியாசம் 70 லிட்டருக்குக் குறையாது.

எரிபொருளாவது முன்கூட்டியே தெரிந்த செலவு. டயர் அப்படியல்ல. எம்மின் முன் டயர் 275 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 315. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய வழியே இல்லை.

என்ஜின்தான் உண்மையான பயம். எம்மின் வி8 என்ஜினில் எட்டு சிலிண்டர்கள் V வடிவில் இரண்டு வரிசையாக இருக்கும்; காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இரண்டு டர்போக்களும் அந்த வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சூட்டில் ரப்பர் குழாய்களும் சீல்களும் விறைத்துப்போகும். பார்க்கப் போகும்போது என்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். பின்னால் நீலப்புகை எழுந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்; விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

டீசலும் உத்தமன் அல்ல. குறுந்தூரமே ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். தினம் 4 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் இரண்டுமே வேண்டாம்.