ஃப்ரீ ரைட்டிங்: நோட்டிலா, போனிலா?

குன்னூரில் விழா மலர் ஒன்றுக்கு மலை ரயிலைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்தும் ஊரறிந்த சங்கதிதான் வந்தது: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 1908இல் ஊட்டியை எட்டியது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதற்கு நான் எதற்கு? அப்போதுதான் ஃப்ரீ ரைட்டிங்கில் இறங்கினேன். முதலில் போனில், பிறகு நோட்டில். இப்போது நோட்டுதான்.

முறை புதிதல்ல. அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இலேயே சொன்னது: பத்து நிமிடம் கை நிற்காமல் எழுது, திரும்பிப் படிக்காதே, திருத்தாதே. ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதிக்கொண்டிரு.

போனின் வசதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையிலேயே இருக்கும், தேடினால் கிடைக்கும், கரண்ட் போனாலும் வெளிச்சம் தரும். நோட்டுக்கு இதில் எதுவும் கிடையாது.

ஆனால் ‘கை நிற்காமல்’ என்பதில்தான் போன் மாட்டிக்கொள்கிறது. நம்மில் பலரைப் போல நானும் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவன். அவசரத்தில் ‘மலை’ என்று அடித்தால் மலை, மாலை, மழை என்று மூன்றையும் நீட்டி எது வேண்டும் என்று கேட்கும். நீலகிரிக்காரன் எழுதும் வரியில் இந்த மூன்றில் ஒன்றாவது வராமல் போகுமா? ஒவ்வொரு முறையும் கண் மேலே போகிறது, விரல் நிற்கிறது. நின்ற விரல் சும்மா இருப்பதில்லை, முந்தைய வரியில் விட்ட ஒற்றைப் போடப் போய்விடுகிறது. பத்து நிமிடம் முடிந்தபோது என் திரையில் பிழையில்லாத ஆறு வரி இருந்தது. ஒன்றிலும் உயிரில்லை. தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. எனக்கு அது கைவரவில்லை, அதனால் போனே ஆகாது என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

நோட்டில் அன்று நடந்தது வேறு. முதல் ஐந்து நிமிடம் அதே 46, அதே 1908. பிறகு ‘குளிருது, ஒன்றும் வரவில்லை, குளிருது’ என்று நாலு வரி. அந்தக் குளிரைப் பிடித்துக்கொண்டு பேனா தானாக ஒரு ஆளிடம் போனது: பெட்டியின் முன்புறத் திறந்த மேடையில், கையில் கொடியோடு, மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டு நிற்கும் பிரேக்ஸ்மேன், அதாவது பெட்டிக்கு பிரேக் போடும் ஊழியர். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கியதும் நாமெல்லாம் ஜன்னல் பக்கம் பள்ளத்தைப் பார்ப்போம். அவர் பார்ப்பது எதிரே வரும் வளைவை. சிறுவயதிலிருந்து பார்த்த ஆள், அவரைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. அந்த வளைவு வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டு, அதையே முதல் வரியாக வைத்து இன்னொரு பத்து நிமிடம் ஓட்டினேன். கட்டுரையில் பாதி அதிலேயே வந்துவிட்டது.

நோட்டுக்குப் பராமரிப்பு உண்டு, மறைப்பானேன். ஐப்பசி மழையில் தாள் நமுத்துப்போகும். ஜன்னலோரம் மறந்து வைத்த நோட்டில் ஜெல் பேனா எழுத்தெல்லாம் ஊதா மேகமாகிவிட்டது. பால்பாயிண்ட் விடியற்காலைக் குளிரில் கட்டிக்கொள்ளும், உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். இப்போது பென்சில்தான். நோட்டு அடுப்பு மேடைக்கு மேல் தட்டில், டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில். தேடுவதற்குக் கடைசிப் பக்கத்தில் அடிக்கோட்டு வரிகளையும் பக்க எண்ணையும் குறித்துவைக்கிறேன். பக்கம் முழுவதையும் பாதுகாக்க அவசியமில்லை, அதில் முக்கால்வாசி குப்பை.

போனிடம் பேசிப் பதிவதையும் பார்த்தேன், இரண்டு வாரம்தான். பேசும்போது எதிரில் யாரோ கேட்கிற மாதிரி ஒரு நடிப்பு வந்துவிடுகிறது. அது பழகினால் போகுமோ என்னவோ. தோட்டத்துப் பாதையில் தனியாகப் பேசிக்கொண்டு போனதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.