திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வைஃபை 6: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

கடற்கரையோரச் சிறு விடுதிகளில் வைஃபை 6 ரவுட்டரின் அருமை, அறைகள் நிறைந்த இரவுகளில்தான் தெரியும். ஒரே போனில் வேகம் பார்த்தால் ஏமாற்றம்தான். ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் பழைய வைஃபை 5-உம் அதைத் தந்துவிடும். இருபது, முப்பது போன்கள் ஒன்றாக இழுக்கும்போதே ஓஎஃப்டிஎம்ஏ என்னும் வைஃபை 6-இன் பங்கீட்டு முறை கைகொடுக்கிறது. முன்பு ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்திக்கும் முழுச் சனலும் (வைஃபை ஓடும் அலைப்பாதை) ஒருவருக்கே போகும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். இப்போது சனலைக் கூறு போட்டு ஒரே நேரத்தில் பலருக்குக் கொடுக்கிறது. வீடியோ அழைப்பு திக்குவது நன்றாகவே குறைகிறது. ஆனால் போனும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் இந்தப் பங்கு கிடைக்கும்.

பலரும் கவனிக்காத நன்மை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது. 2013-இல் வந்த வைஃபை 5 தரம் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மட்டுமே உரியது; அந்த ரவுட்டர்களின் 2.4 பக்கத்தில் 2009-இன் வைஃபை 4 தான் ஓடுகிறது. வைஃபை 6 இரண்டையும் புதுப்பித்தது. சீமெந்துக்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹேர்ட்ஸ் சோர்ந்துவிடும் என்பதால் பின்பக்க அறைகளுக்கு 2.4 தான் கதி. 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில், இரண்டு அன்ரனாவுள்ள போனுக்கு இணைப்பு வேகத்தின் உச்சம் 144-இலிருந்து 287 எம்பிபிஎஸ் ஆகிறது. உண்மையில் கையில் வருவது ஏறத்தாழ அதில் பாதி.

5 கிகாஹேர்ட்ஸில் 160 மெகாஹேர்ட்ஸ் சனல் அகலத்தை நிறுத்திவிடுங்கள். சனல் 36-இல் தொடங்கினாலும் அது 52 முதல் 64 வரையுள்ள சனல்களையும் பிடிக்கும். அவை ராடாருடன் பகிரப்படுபவை. ராடார் போன்ற துடிப்பு கேட்டால் ரவுட்டர் உடனே சனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் எல்லாருக்கும் இணைப்பு அறுந்துபோகும். 80 மெகாஹேர்ட்ஸ், சனல் 36 போதும். பழைய போன், பிரின்டர் இருந்தால் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்காமல், பழைய டபிள்யூபிஏ2-உடன் கலந்து வையுங்கள்.

உப்புக்காற்று வேறொரு தலைவலி. முற்றத்தில் பூட்டிய அக்சஸ் பொயின்டில் (வைஃபையைப் பரப்பும் பெட்டி) ஆர்ஜே45 எனும் நெட்வொர்க் கேபிள் முனைகள் பச்சை பிடிக்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று அரித்தாலே போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும் அல்லது இணைப்பு விட்டுவிட்டு வரும். கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு நுழைத்தால் மழைநீர் உள்ளே போகாது. கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

கரண்ட் போகும் நேரத்துக்கு மினி யூபிஎஸ் வாங்குபவர்கள் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 12 வோல்ட் 2 அம்பியர் கேட்கும் ரவுட்டரை 1 அம்பியர் யூபிஎஸ்ஸில் கொழுவினால், ஆட்கள் கூடிய நேரம் பார்த்து அது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும்.