காசு வாங்குன கடை கைவிரிச்சுது, ஓசி சாஃப்ட்வேர் காப்பாத்துச்சு: ஃபோட்டோரெக், எக்சிஃப்டூல் ரிவ்யூ

காரைக்குடி பக்கம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு போட்டோ எடுக்கற ஆளு நான். போன மாசம் ஒரு வளைகாப்புல 612 ஃப்ரேம், எல்லாமே ரா, அதாவது சென்சார் புடிச்சத அப்படியே வெக்கற ஃபைல், வெளிச்சத்த அப்புறமா நெறய திருத்தலாம். எடுத்துட்டு வந்து சிஸ்டத்துல ஏத்தறப்போ, பழைய கேமரா வாங்குன காலத்துல சிடில வந்த ட்ரான்ஸ்ஃபர் சாஃப்ட்வேர்லயே ஏத்துனேன், பேர் வேணாம், பழக்கதோஷம். கேமரா பாடி மட்டும் புதுசு, சாஃப்ட்வேர் பழசு. ஏத்தும்போதே ஒவ்வொரு ஃபைல்லயும் என் ஸ்டூடியோ பேர காப்பிரைட்டா எழுதற ஆப்ஷன் வேற ஆன்ல இருந்துச்சு, நாலஞ்சு வருஷமா அப்படித்தான் இருக்கு. தம்ப்நெயில் எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, சரின்னு கார்ட கேமராலயே ஃபார்மேட் போட்டு மறுநாள் காதுகுத்துக்கு எடுத்துட்டு போயிட்டேன்.

மூணாவது நாள் போட்டோ திருத்தற சாஃப்ட்வேர் லைட்ரூம்ல தொறந்தா ஒரு செகண்ட் படம் நல்லா வருது, அப்புறம் அப்படியே ஊதாவும் பச்சையுமா கோடு கோடா மாறிடுது. ஒண்ணு ரெண்டு இல்ல, 612ம். வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு, பொண்ணோட மாமியார் வேற அன்னைக்கு காலைலதான் போன் பண்ணி "தம்பி, ஆல்பம் எப்ப ரெடியாவும்"னு கேட்டுருந்தாங்க.

அந்த ஒரு செகண்ட் ஏன் நல்லா தெரியுதுன்னு யோசிச்சதுலதான் விஷயம் புரிஞ்சுது. ரா ஃபைலுக்குள்ள ரெண்டு சமாச்சாரம் இருக்கு, ஒண்ணு சென்சார்லேர்ந்து வந்த கச்சா டேட்டா, இன்னொண்ணு கேமரா ஸ்க்ரீன்ல காட்டறதுக்காக கேமராவே செஞ்சு உள்ள வெச்சிருக்கற ஜேபெக். லைட்ரூம் முதல்ல ஜேபெக்க காட்டிட்டு அப்புறமாத்தான் கச்சா டேட்டாவ பிரிக்குது. பெரும்பாலான கேமராவோட ரா ஃபைல் உள்ளுக்குள்ள டிஃப்ங்கற பழைய பட ஃபார்மேட் மாதிரிதான், எது எந்த எடத்துல இருக்குன்னு முன்னாடி ஒரு விலாசப் பட்டியல் இருக்கும். அதுபோக, சுருக்கி வெச்ச பிக்சல் நம்பர திரும்ப சரியான வெளிச்சத்துக்கு மாத்தறதுக்கு லீனியரைசேஷன் டேபிள்னு ஒண்ணு சில கேமராவுல உண்டு. பழைய சாஃப்ட்வேருக்கு புது பாடியோட அமைப்பு தெரியாது, தெரியாமலே ஃபைல தொறந்து என் பேர எழுதிட்டு திரும்ப சேவ் பண்ணிருக்கு, அதுல இந்த டேபிள் நாசமாயிருக்கு. படம் உள்ள அப்படியேதான் கெடக்கு, பூட்டிட்டு சாவிய ஒடச்ச மாதிரி.

இது தெரியறதுக்கு முன்னாடி நான் பண்ணுன முட்டாள்தனம், டேட்டா ரெக்கவரி போர்டு போட்ட ஒரு கடைக்கு ஹார்ட் டிஸ்க தூக்கிட்டு ஓடுனது. 3,500 ரூவா, அட்வான்ஸ் 1,000. ரெண்டு நாள் கழிச்சு "அண்ணே எல்லாம் வந்துருச்சு"ன்னான், பாத்தா அதே ஊதா கோடு ஃபைல வேற ஃபோல்டர்ல போட்டு குடுத்துருக்கான். அவன சொல்லி குத்தமில்ல, அழிஞ்ச ஃபைல தேடறது வேற, கெட்டுப்போன ஃபைல சரி பண்றது வேற, ஹார்ட் டிஸ்க்ல எதுவும் அழியவே இல்லையே. ஆனா அட்வான்ஸ் திரும்பி வரல.

சரி, ரிவ்யூவுக்கு வரேன்.

முதல்ல எக்சிஃப்டூல், போட்டோ ஃபைலுக்குள்ள இருக்கற தேதி, பேர் மாதிரி தகவல படிக்கவும் மாத்தவும் உள்ள டூல். ஃபில் ஹார்வின்னு ஒருத்தர் 2003லேர்ந்து விடாம அப்டேட் பண்ணிட்டு வரார், ஃப்ரீ. பட்டன் கிட்டன் ஒண்ணும் கெடையாது, கருப்பு ஸ்க்ரீன்ல டைப் பண்ணணும். விண்டோஸ்ல டவுன்லோட் பண்ணா ஃபைல் பேர்லயே அடைப்புக்குறிக்குள்ள ஒரு கே இருக்கும், அத எடுத்துட்டு ரீநேம் பண்ணணும், கூட வர்ற ஃபோல்டரையும் அது பக்கத்துலயே வெக்கணும், இது தெரியாம நான் அரை மணி நேரம் ஓடல ஓடலன்னு உக்காந்துருந்தேன். ஆனா ஓட ஆரம்பிச்சதும் ஒரே வரி கமாண்ட்ல 612 ஃபைலுக்குள்ள இருந்த ஜேபெக்கையும் வெளிய உருவி போட்டுச்சு, டீ ஆறல. என் பாடில உள்ள இருக்கறது முழு சைஸ் ஜேபெக், சில கேமராவுல சின்ன சைஸ்தான் இருக்கும், உங்களுது எப்படின்னு பாத்துக்கங்க. அன்னைக்கு ராத்திரிதான் தூக்கம் வந்துச்சு, ஏன்னா மோசமா போனாலும் ஆல்பம்னு ஒண்ணு குடுத்துடலாம்.

ஆனா ஜேபெக் ஜேபெக்தான். வளைகாப்பு வீட்டு கூடத்துல ஒரு பக்கம் ஜன்னல் வெயில், இன்னொரு பக்கம் மஞ்ச பல்பு, ராவ நம்பித்தான் அந்த எக்ஸ்போஷர்ல எடுத்தேன். அதனால கார்டு பக்கம் போனேன்.

ஃபோட்டோரெக், அழிஞ்ச ஃபைல மீட்கற சாஃப்ட்வேர். அழிஞ்ச பார்ட்டிஷன மீட்கற டெஸ்ட்டிஸ்க்கோட சேந்து ஒரே டவுன்லோடா வரும், கிறிஸ்டோஃப் க்ரெனியே எழுதுனது, இதுவும் ஃப்ரீ. கருப்பு ஸ்க்ரீன் புடிக்காதவங்களுக்கு க்யூஃபோட்டோரெக்னு ஜன்னல் வெச்சதும் உள்ளயே இருக்கு. கேமராவுல சாதாரணமா ஃபார்மேட் போட்டா படம் அழியறதில்ல, பட்டியல் மட்டும்தான் அழியுது, கார்ட முழுசா தொடைக்கற லோ லெவல் ஃபார்மேட் போட்டிருந்தா கத வேற. ஃபோட்டோரெக் பட்டியல பாக்கவே பாக்காது, கார்ட முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சு, ஒவ்வொரு ஃபார்மேட்டும் எப்படி ஆரம்பிக்கும்னு வெச்சிருக்கற அடையாளத்த வெச்சு ஃபைல பொறுக்கி எடுக்கும். கார்டுல எதையும் எழுதாது, இருந்தாலும் நான் பயத்துல எஸ்டி கார்டு ஓரத்துல இருக்கற லாக்கையும் தள்ளி விட்டேன். மீட்டத எங்க போடணும்னு கேக்கும்போது மட்டும் தப்பித்தவறி அதே கார்ட காட்டிடாதீங்க.

64 ஜிபி கார்டு, என் ரீடர் பழைய யூஎஸ்பி 2, ஒரு மணி நேரம் பக்கம் ஆச்சு. காதுகுத்து 138 ஃப்ரேம் மேல எழுதியிருந்ததால அந்த எடம் போச்சு, மிச்சம் 471 வந்துச்சு, அதுல 3 பாதிக்கு கீழ சாம்பல். ஆக 468 ரா, கேமரா எழுதுனது எழுதுனபடி, என் ஸ்டூடியோ பேரு இல்லாம! தொறந்து பாத்தப்ப ஜன்னல் வெயில் அழகா இறங்கி வந்துச்சு.

கொறை என்னன்னா ஃபைல் பேரெல்லாம் போயிடும். எஃப் போட்டு ஒரு நீள நம்பர், ஃபோல்டர் ஃபோல்டரா கொட்டி வெச்சிடும், காதுகுத்து படமும் வளைகாப்பு படமும் கலந்து கெடந்துச்சு. எடுத்த தேதி நேரத்த வெச்சு பேர் மாத்தற வேலைய எக்சிஃப்டூலே பண்ணிடுச்சு. துண்டு துண்டா பல எடத்துல எழுதப்பட்ட ஃபைல்ல ஃபோட்டோரெக் தடுமாறும், என்னோட ரெண்டு வீடியோ க்ளிப் ஓடல.

மிச்சம் 144. இதுக்குத்தான் எக்சிஃப்டூல நான் கும்பிடறேன். ஒரு கம்பெனி கேமரா ஃபைல்ல இதே மாதிரி டேபிள் கெட்டுப்போறத சரி பண்ணவே ஒரு கான்ஃபிக் ஃபைல், அதாவது டூலுக்கு கூடுதல் வேலை சொல்லித்தர்ற ஃபைல், எக்சிஃப்டூலோட முழு தொகுப்புல இருக்கு, அப்ப நம்மள மாதிரி மாட்டுனவங்க நெறய பேர்! என் பாடியும் அந்த கூட்டத்துலதான். முதல்ல அஞ்சு ஃபைல காப்பி எடுத்து அதுல ஓட்டி பாத்தேன், தொறந்துச்சு, அப்புறம் மொத்தத்தையும் ஓட்டுனேன், 131 சரியாச்சு. எந்த ஃபைல தொட்டாலும் பழசுக்கு ஒரிஜினல்னு வால் ஒட்டி பக்கத்துலயே வெச்சிடுது, ட்ரான்ஸ்ஃபர் சாஃப்ட்வேர் எழுதுனவங்களுக்கு இந்த புத்தி ஏன் வரலன்னு தெரியல. டிஸ்க்ல எடம் மட்டும் ரெட்டிப்பா புடிக்கும்.

யாருக்கு சரிப்படாதுன்னா, கமாண்ட் பாத்தாலே அலர்ஜி உள்ளவங்களுக்கு எக்சிஃப்டூல் கஷ்டம், கூட தெரிஞ்ச பையன உக்கார வெச்சிக்கங்க. ஃபோட்டோரெக் யாரும் பண்ணலாம். ரெண்டுத்துக்கும் டொனேஷன் குடுக்க வழி இருக்கு, கடைக்கு போன 1,000த்த அங்க போட்டிருக்கலாம். இப்பல்லாம் ட்ரான்ஸ்ஃபர் சாஃப்ட்வேரே கெடையாது, கார்டு ரீடர், சாதா காப்பி பேஸ்ட், பத்து படம் லைட்ரூம்ல முழுசா தொறந்து பாத்தப்புறம்தான் ஃபார்மேட்.

468ம் 131ம் போக 13 படம் ஜேபெக்காவே நின்னுடுச்சு. கார்டுல முதல்ல இருந்தது எல்லாம் வாசல் கோலம், வாழமரம், தட்டு வரிசைன்னு இருக்கறதால தப்பிச்சேன்னு நெனச்சேன். ஆனா அந்த 13ல நாலு, பொண்ணோட அப்பத்தா வாசப்படி ஏறி வர்றது, பின்னாடி வெயில், மொகம் இருட்டு. ஜேபெக்ல எவ்வளவு தூக்க முடியுமோ தூக்கி, புள்ளி புள்ளியா வந்தத கருப்பு வெள்ளையா மாத்தி ஏழாவது பக்கத்துல வெச்சேன். ஆல்பம் வாங்க வந்த மாமியார் அந்த பக்கத்தத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது மட்டும் பழங்காலத்து படம் மாதிரி நல்லா பண்ணிருக்கீங்க தம்பி"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல.