வெரிகோஸ் வெயினுக்கு லேசரா, க்ளூவா?

ரெண்டுமே கால்ல வீங்கி சுருண்டு நிக்குற வெரிகோஸ் வெயினுக்காக, கெட்டுப்போன ரத்தக்குழாய உள்ள இருந்தே மூடுற வேலைதான், தொடைகிட்ட கிழிச்சு உருவி எடுக்குற பழைய ஆபரேஷன் இல்ல. லேசர்ல சூடு வச்சு மூடுறாங்க, அதனால குழாய் நெடுக பல எடத்துல மரத்துப்போற ஊசி போடணும், கேட்டா லேசர விட அந்த ஊசிங்கதான் கடுப்புன்னு சொல்வாங்க, முழங்காலுக்கு கீழ செஞ்சா பக்கத்துல இருக்க உணர்வு நரம்புல சூடு பட்டு கொஞ்ச நாள் மரத்துப்போகவும் வாய்ப்பிருக்கு. இப்ப வர்ற 1470 நானோமீட்டர் அலைநீள லேசர்ல வலி பழசவிட கம்மி.

க்ளூவுல (அமெரிக்காவுல 2015ல அனுமதி கெடச்சது) குழாய்க்குள்ள பசை விட்டு ஒட்டி மூடுறாங்க, சூடே இல்ல, உள்ள போற எடத்துல மட்டும் மரத்துப்போக ஊசி, இறுக்கமான ஸ்டாக்கிங்ஸும் பெரும்பாலும் வேணாம், வெயில் காலத்துல இது பெரிய விஷயங்க. ஆனா பசை உடம்புலயே தங்கிடும், சிலருக்கு அலர்ஜியாகி தோல் செவந்து அரிக்கும், விலையும் ஜாஸ்தி. பசை அலர்ஜி இருக்கவங்க லேசர் பக்கமே போங்க.