ஒற்றைச் சக்கர மின்வண்டி வாங்க எண்ணும் டெல்டாக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த சித்திரை நடுவில் திருச்சியிலுள்ள ஒரு கடையில் 92,000 ரூபாய் கொடுத்து, புதியது என்று சொல்லப்பட்ட ஒற்றைச் சக்கர மின்வண்டி (இரு பக்க மிதிபலகையில் நின்றபடி ஓட்டும் எலக்ட்ரிக் யூனிசைக்கிள்) ஒன்றை வாங்கினேன். வாங்கிய இருபத்திரண்டாம் நாள் நண்பகலில் தஞ்சாவூர்-திருவையாறு சாலையின் குடமுருட்டிப் பாலத்தின் ஏற்றத்தில் அதன் மோட்டார் செயலிழந்து, நான் குப்புற விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகு இதை எழுதுகிறேன். அதே கடை தஞ்சாவூர், கும்பகோணம் கல்லூரி மாணவர்களுக்கு அதே வகை வண்டியை இன்றும் விற்று வருகிறது.

வெயிலில் சூடேறாதா என்று வாங்கும்போதே கேட்டேன். "மேடு ஏறினால்தான் சூடேறும், டெல்டாவில் ஏது சார் மேடு? வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடும்" என்றார் கடைக்காரர். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வருபவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும் என்பதையும், பாலத்துக்குப் பாலம் ஏற்றம் உண்டு என்பதையும் நானும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் இரு மடங்கானால், கம்பிச் சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். ஏற்றத்தில் வேகமும் குறைவதால் காற்றுப் பட்டு ஆறவும் வழியில்லை. அக்கினி நட்சத்திரத்தில் வெளிக்காற்றே 40 டிகிரியில் நிற்கும்போது, வண்டி சூடேறத் தொடங்கும் வெப்பநிலையே உயர்வாக இருக்கிறது.

சாதாரண மின் ஸ்கூட்டர் சூடேறினால் வேகம் குறையும், அல்லது ஓரமாக நின்றுவிடும். இந்த வண்டியில் மோட்டார்தான் நம்மை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது சோர்ந்த அக்கணமே ஓட்டுபவர் முன்னால் விழுகிறார். அதனால்தான் வெப்பம் எல்லையை நெருங்கும்போது வண்டி ஒலி எழுப்பும், மிதிபலகையைப் பின்பக்கமாகச் சாய்த்து நம்மை நிறுத்தச் சொல்லும்.

வாங்கிய பத்தாம் நாள் வெண்ணாற்றுப் பாலத்தில் அந்த ஒலி கேட்டது. உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குத் தொலைபேசினேன். "அது வெளிநாட்டுக் குளிருக்கு வைத்த அளவு சார், கைபேசிச் செயலியில் ஒலியை அணைத்துவிடுங்கள்" என்று சொல்லி, எங்கே தொட வேண்டும் என்பதையும் படம் எடுத்து அனுப்பினார். வெப்ப எல்லை என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கண்ட்ரோலரும் மோட்டாரின் கம்பிச் சுருளும் தாங்கும் அளவே தவிர, ஊருக்கு ஊர் மாறுவதன்று. விற்றவர் சொல்கிறாரே என்று நம்பி அணைத்தேன். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: யார் சொன்னாலும் அந்த ஒலியை அணைக்காதீர்கள், ஒலித்தால் இறங்கி, நிழலில் வைத்து, கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

விபத்துக்குப் பின் கடைக்குச் சென்றபோது, வெயிலில் ஓட்டியதால் வாரண்டி கிடையாது என்றார்கள். பில்லில் சீரியல் எண்ணும் இல்லை. வண்டியைத் திருவையாற்றில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்ததுமே, "வார்னிஷ் கருகின வாடை வருது தம்பி" என்றார்; கம்பிச் சுருளின் மேல் பூசிய காப்பு அது. கண்ட்ரோலரைக் குளிர்விக்கும் விசிறியின் கம்பி கழன்றிருந்தது. வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து பொடியாகியிருந்தது. மூன்று வாரத்தில் சேர முடியாத அளவுக்குப் புழுதி அப்பியிருந்தது. திருகாணிகளின் தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தது. யாரோ ஓட்டிக் கழித்த வண்டியைத் துடைத்துப் புதியதென்று விற்றிருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

உரிமமும் பதிவும் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னதும் பொய். 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின்வண்டிக்கே அந்த விலக்கு. என் வண்டியின் மோட்டார் 1,500 வாட்.

வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் கடையிலேயே வண்டியை இயக்கி விசிறி சுழல்கிறதா என்று காது வைத்துக் கேளுங்கள், செயலியில் இதுவரை ஓடிய மொத்தத் தொலைவைப் பாருங்கள், சீரியல் எண் எழுதாத பில்லை வாங்காதீர்கள். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடவும் கூடாது. பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்கு 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் ஆகாது, தகரக் கொட்டகையின் கீழ் நண்பகலில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டேன். கடை பதில் தரவில்லை. பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒலியை அணைக்கச் சொல்லி அவர் அனுப்பிய படத்தையும், காயில் கட்டும் பெரியவர் கையெழுத்திட்டுக் கொடுத்த குறிப்பையும் மனுவோடு இணைத்திருக்கிறேன். அதே கடையில் இதுபோல ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு எனக்குத் தெரியப்படுத்துங்கள்.