"யூரிக் ஆசிட் முகாம்" பொடி: மூணே நாளில் வலி போனால் சந்தேகப்படுங்க

காங்கேயம் பக்கம் ஒரு விவசாயி, 52 வயது. விடியக்காலை மூணு மணிக்கு வலது கால் பெருவிரலின் அடிமூட்டு செக்கச்செவேலென்று வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. மறுநாள் மகன் அவரை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த "இலவச யூரிக் ஆசிட் முகாமு"க்குக் கூட்டிப் போயிருக்கிறார். கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரிலிருந்து பத்துப் பக்க ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தார்கள். ரத்தம் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. "வெசனப்படாதீங்கண்ணா, மூணே நாள்ல செருப்புப் போட்டு நடப்பீங்க." மூணு மாதப் பொடி 14,500 ரூபாய், பில் கிடையாது.

சொன்னபடியே மூணு நாளில் நடந்தார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

யூரிக் ஆசிட்டால் வரும் இந்த மூட்டு வலிக்குப் பேர் கவுட் (gout). இது மருந்தே சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அதனால் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் பேர் கிடைக்கும். அதையும் மீறி ஓரிரு நாளில் வீக்கம் வற்றி, கூடவே பசி அள்ளிக்கொண்டு வந்தால், பொடியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையைச் சேர்ப்பவர்களும் உண்டு. அது வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். இவருக்கு ரெண்டாம் மாதம் முகம் உப்பியது. அதுவரை இல்லாத சர்க்கரை 312 காட்டியது. பொடி தீர்ந்த மறுநாளிலிருந்து வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வாரக்கணக்கில் போனால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ஆளே சாயலாம்.

நோய் இதுதான்: 100 மில்லி ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8 மில்லிகிராமைத் தாண்டி நீண்டநாள் இருந்தால் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். கால்விரல் உடம்பிலேயே குளிர்ச்சியான இடம் என்பதால் அங்கே எளிதில் கட்டும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கிட்னி சரியாக வெளியேற்றாதது. சாப்பாடு அதற்கு அடுத்ததுதான். முகாமில் கொடுத்த பத்தியச் சீட்டில் அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு, தக்காளி, கீரை எல்லாவற்றுக்கும் தடை. கொங்கு வீட்டில் இதையெல்லாம் நிறுத்தினால் அப்புறம் என்னத்தைத் தின்பது? பருப்பும் கீரையும் இந்த வலியைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. குறைக்க வேண்டியவை குடல், ஈரல், கருவாடு, நெத்திலி, பீர், சர்க்கரை போட்ட கூல்டிரிங்ஸ். எவ்வளவு பத்தியம் இருந்தாலும் யூரிக் ஆசிட் ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் இறங்கும்.

வலி வந்த அன்றே பார்த்த அளவு சாதாரணமாக இருக்கலாம். அதை வைத்து "உங்களுக்கு இல்லை" என்று சொன்னால் நம்பாதீங்க. ரெண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கணும், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் சேர்த்து. வலிக்கு டாக்டர்கள் வழக்கமாகத் தருவது கோல்சிசின்: முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5. வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் என்றால் நன்றாக வேலை செய்யும். கிட்னி பழுது இருந்தால் அளவு மாறும். கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் ஆபத்து. ஆகவே மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

யூரிக் ஆசிட்டையே குறைக்கிற அல்லோபியூரினால் மாத்திரை வேறு கதை. 100 மில்லிகிராமில் தொடங்கி சில வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே நிறுத்தணும். சில கிளினிக்கில் எடுத்த எடுப்பிலேயே 300 எழுதிவிடுகிறார்கள், கூடவே கோல்சிசின் கொடுப்பதில்லை. படிகம் கரையும்போது வலி மறுபடி வரும். நோயாளி "மாத்திரை ஒத்துக்கல" என்று விட்டுவிட்டு முகாமுக்குப் போகிறார். வலி வந்தாலும் மாத்திரையை விடக்கூடாது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடணும். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்க, அது யூரிக் ஆசிட்டை ஏற்றும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், அதுவும் சர்க்கரைக்காரர் என்றால், அன்றே பெரிய ஆஸ்பத்திரி: உள்ளே சீழ் இருக்கலாம்.

சித்த மருந்து என்றால் டப்பாவில் உரிமம் எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, சேர்மானம் அச்சாகியிருக்கணும். வெறும் பிளாஸ்டிக் கவரில் தருவது மருந்தே இல்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர் பெயரும் எண்ணும் எழுதிச் சீட்டுத் தருவார்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீங்க. பொட்டலத்தோடு அரசு ஆஸ்பத்திரி பொது மருத்துவரைப் பாருங்க. கோவை மருத்துவக் கல்லூரியோ பெருந்துறையோ, எது பக்கமோ அது. ஸ்டீராய்டை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார். மீதிப் பொடியைக் கொட்டிவிடாமல் கவரோடு வைங்க. மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது அது வேணும். நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷத்துக்குள் போகணும்; கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாவிட்டாலும் ஜிபே பண்ணிய ஸ்கிரீன்ஷாட், முகாம் நோட்டீஸ், அந்தப் பத்துப் பக்க ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து வைங்க.